டேஷ்போர்டு ரெஃப்ரெஷுக்கு ஓடும் கிளவுட் நேரத்தைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரமணி, சிறுசேரி பக்கம் இருக்கும் பெரிய டேட்டா டீமாக இருந்தாலும் சரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவராக இருந்தாலும் சரி, மாதக் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: இவ்வளவு சின்ன குவெரிக்கு இவ்வளவு பெரிய பில்லா? அதையொட்டி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கணக்குகளைப் பெரும்பாலும் ஸ்னோஃப்ளேக் (கிளவுடில் ஓடும் டேட்டா சேவை) பில் போடும் அலகான கிரெடிட்டில் போட்டிருக்கிறோம். ஒரு கிரெடிட்டின் விலை உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்து மாறும் என்பதால் ரூபாயில் சொல்லவில்லை. பிக்குவெரி, டேட்டாபிரிக்ஸ் ஆகிய மற்ற டேட்டா சேவைகள், சாதா விஎம் (வாடகைக்கு எடுக்கும் கிளவுட் கணினி) ஆகியவற்றில் எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

குவெரி 40 விநாடிதான் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 17 மணி நேரம் என்று பில் எப்படி வருகிறது?

குவெரி முடிந்த பிறகும் வேர்ஹவுஸ் (குவெரியை ஓட்டும் கணினித் தொகுதி) விழித்தே இருப்பதால் வருகிறது. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வேலையை முடித்தாலும், வெயிட்டிங் சார்ஜ் ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

எஸ்கியூஎல் கட்டளையில் வேர்ஹவுஸ் உருவாக்கும்போது எதுவும் சொல்லாவிட்டால் ஆட்டோ சஸ்பெண்ட் (சும்மா இருந்தால் எவ்வளவு நேரத்தில் தானாகத் தூங்கும் என்ற அமைப்பு) 600 விநாடியாக அமைகிறது. 15 நிமிடத்துக்கு ஒரு ரெஃப்ரெஷ் என்றால் நாளுக்கு 96 முறை. ஒவ்வொரு முறையும் 40 விநாடி வேலை, 600 விநாடி சும்மா: மொத்தம் 640. அதை 96 ஆல் பெருக்கினால் 61,440 விநாடி, அதாவது 17 மணி 4 நிமிடம். ஸ்மால் சைஸ் மணிக்கு 2 கிரெடிட் என்பதால் நாளுக்கு 34 கிரெடிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இப்போது இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து அந்த எஸ்கியூஎல்லைச் செதுக்கி 40 விநாடியை 20 ஆக்குகிறார். மொத்தம் 16 மணி 32 நிமிடமாகிறது. மிச்சம் அரை மணி நேரம். இன்னொருவர் குவெரியைத் தொடவே இல்லை. ஆட்டோ சஸ்பெண்டை 60 ஆக மாற்றுகிறார். 100 விநாடி, 96 முறை: 2 மணி 40 நிமிடம், 5.3 கிரெடிட். ஒரே ஒரு வரி மாற்றம். குவெரியை வேகமாக்குவது நல்ல வேலைதான், ஆனால் அதன் முறை கடைசியில்தான் வருகிறது.

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது?

யார் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து. டேஷ்போர்டு (பிஐ) கருவிகளில், பவர் பிஐயில் யூசேஜ் மெட்ரிக்ஸ் அறிக்கை இருக்கிறது; டேப்லோவில் ஒவ்வொரு வியூவுக்கும் பார்த்தவர் கணக்கு இருக்கிறது. கடந்த 60 நாளில் யாரும் திறக்காத டேஷ்போர்டின் ஷெட்யூலை நிறுத்துங்கள். நீக்க வேண்டாம், நிறுத்தினால் போதும். யாராவது தேடி வந்தால் ஒரு சொடுக்கில் திரும்ப ஓட்டிவிடலாம். பெரும்பாலானவற்றைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

அடுத்தது எத்தனை மணிக்கு, எத்தனை முறை என்பது. அதற்கு அடுத்தது ஆட்டோ சஸ்பெண்டும், ரெஃப்ரெஷ்களை ஒன்றுசேர்ப்பதும். பிறகு டேட்டா மாறாதபோது ஓடாமல் இருக்கச் செய்வது. இவ்வளவுக்குப் பிறகும் பில் வலித்தால் இன்கிரிமென்டல் லோடு (புதியதை மட்டும் ஏற்றுவது), குவெரி திருத்தம். வரிசையை மாற்றினால், நாளை நிறுத்தப்போகும் டேஷ்போர்டின் குவெரியை இன்று உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஆட்டோ சஸ்பெண்டை எத்தனை விநாடி வைப்பது?

ஷெட்யூல் ரெஃப்ரெஷ் மட்டும் ஓடும் வேர்ஹவுஸுக்கு 60. ஆட்கள் உட்கார்ந்து ஃபில்டரை மாற்றி மாற்றிப் பார்க்கும் வேர்ஹவுஸுக்கு 300 வரை வைக்கலாம். காரணம், வேர்ஹவுஸ் தூங்கினால் அதன் உள் கேஷும் (படித்த டேட்டாவின் தற்காலிகச் சேமிப்பு) போய்விடும். அடுத்த சொடுக்குக்கு எல்லாவற்றையும் மறுபடி ஸ்டோரேஜிலிருந்து படிக்க வேண்டும். இதனால்தான் இரண்டையும் ஒரே வேர்ஹவுஸில் போடக் கூடாது என்கிறோம்.

60க்குக் கீழே போனால் லாபம் என்று தோன்றும், ஆனால் அப்படி இல்லை. வேர்ஹவுஸ் விழிக்கும் ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சம் 60 விநாடிக்குப் பணம். 30 விநாடியில் தூங்கவைத்து, அடுத்த ஐந்தாவது விநாடியில் இன்னொரு குவெரி வந்து எழுப்பினால், ஒரே நிமிடத்துக்கு இரண்டு நிமிடக் காசு.

இன்னொரு பொறி: 0 என்று வைத்தால் 'உடனே தூங்கும்' என்று நினைத்து வைப்பவர்கள் உண்டு. ஸ்னோஃப்ளேக்கில் 0 என்றால் தூங்கவே தூங்காது.

டேட்டாபிரிக்ஸில் ஆல் பர்ப்பஸ் கிளஸ்டர் (பொதுப் பயன்பாட்டுக் கணினித் தொகுதி) சும்மா இருந்தால் தானாக அணைய எடுத்துக்கொள்ளும் நேரம், மாற்றாவிட்டால் 120 நிமிடம். ஷெட்யூல் ஜாபை அதில் ஓட்டுவதே தப்பு. ஜாப் கிளஸ்டரில் ஓட்டினால் வேலை முடிந்ததும் கிளஸ்டர் தானே கலைந்துவிடும், யூனிட் விலையும் குறைவு. நோட்புக்கில் எழுதிப் பார்த்த கிளஸ்டரிலேயே ஷெட்யூலையும் மாட்டிவிடுவதுதான் வழக்கமாக நடப்பது.

எங்களிடம் 6 டேஷ்போர்டு இருக்கின்றன. லோடு அதிகமாகக் கூடாது என்று 10 நிமிட இடைவெளியில் பிரித்து வைத்திருக்கிறோம். சரிதானே?

சொந்த சர்வரில் சரி. கிளவுடில் தலைகீழ்.

10 நிமிடத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 40 விநாடி ஓடி 60 விநாடி காத்திருந்தால், மணிக்கு 6 முறை 100 விநாடி: 600. ஆறையும் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் 240 விநாடி வேலை, ஒரே ஒரு 60 விநாடி வால்: 300. பாதியாகிவிட்டது. ஆறையும் சேர்ந்தாற்போல விட்டால் இன்னும் குறைய வாய்ப்பு உண்டு. ஒரு வேர்ஹவுஸ் சாதாரணமாக 8 குவெரி வரை ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்ளும். க்யூவில் நிற்கிறதா என்று மட்டும் குவெரி ஹிஸ்டரியில் பாருங்கள். விடிகாலை ரெஃப்ரெஷில் ஒரு குவெரி 30 விநாடி க்யூவில் நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்காக மல்டி கிளஸ்டரை (கூட்டம் சேர்ந்தால் கூடுதல் கணினித் தொகுதியைச் சேர்க்கும் வசதி) ஏற்ற வேண்டாம்.

இதே காரணத்துக்காக, டீமுக்கு ஒரு வேர்ஹவுஸ் என்று பத்துப் பன்னிரண்டைத் திறந்து வைப்பதும் வீண். ஒவ்வொன்றும் தனியாக விழிக்கும், தனியாக வால் நீட்டும். செலவை டீம்வாரியாகப் பிரிக்க குவெரி டேக் (குவெரியோடு ஒட்டும் பெயர்ச்சீட்டு) போதும்.

காலை 8 மணிக்கு வைத்த ரெஃப்ரெஷ் மதியம் ஒன்றரைக்கு ஓடுகிறது. ஏன்?

ஷெட்யூலர் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். கிரான் வரியில் (நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டம்) `0 8 * * *` என்று எழுதினால் சென்னையில் 1:30. காலை 8க்கு வேண்டுமென்றால் `30 2 * * *`.

அந்த அரை மணி நேரம்தான் தொல்லை. காலை 8 முதல் இரவு 8 வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்பதை யுடிசியில் ஒரே வரியில் எழுத முடியாது. மூன்று வரி வேண்டும்:

`30,45 2 * * *`
`*/15 3-13 * * *`
`0,15,30 14 * * *`

முடிந்த இடத்திலெல்லாம் நேர மண்டலத்தையே கொடுத்துவிடுங்கள். ஸ்னோஃப்ளேக் டாஸ்கில் (நேரம் வைத்து ஓட்டும் கட்டளை) கிரான் வரியின் கடைசியில் ஆசியா/கொல்கத்தா மண்டலத்தைச் சேர்க்கலாம். ஏர்ஃப்ளோவில் (ஜாப்களை நேரம் வைத்து ஓட்டும் கருவி) தொடக்கத் தேதியோடு மண்டலத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பவர் பிஐயில் ரெஃப்ரெஷ் செட்டிங்கிலேயே தேர்வு இருக்கிறது.

நேரம் சரியாகி, தேதி தவறுவது அடுத்த சிக்கல். யுடிசியில் நாள் மாறுவது நமக்குக் காலை 5:30க்கு. 5 மணிக்கு ஓடும் ஜாப் 'நேற்று' என்று கேட்டால் முந்தாநாள் வரும். ஸ்னோஃப்ளேக்கில் இன்னும் மோசம்: செஷன் நேர மண்டலம், மாற்றாவிட்டால், லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே தேதி மாறும்போது இங்கே கோடையில் மதியம் 12:30, குளிர்காலத்தில் 1:30. காலையில் எண் தப்பாக வந்ததைப் பார்த்து யாரோ ஒருவர் கையால் இன்னொரு முறை ஓட்டுவார். அதுவும் தப்பாகத்தான் வரும். மூன்றாவது முறை ஓட்டுவார். பில்லில் இதெல்லாம் 'மேனுவல் ரன்' என்று சத்தமில்லாமல் சேரும். அக்கவுண்ட் அளவிலேயே மண்டலத்தை மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி ஒரே நாளில் போகும். ஆனால் மாற்றுவதற்கு முன் வெளிநாட்டு டீம் யாராவது அதே அக்கவுண்டில் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்க கிளையண்டுக்கு வேலை செய்பவர்கள் மார்ச்சையும் நவம்பரையும் நினைவில் வைக்க வேண்டும். நியூயார்க் காலை 9 மணி என்பது மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கு மாலை 6:30, மற்ற காலத்தில் 7:30. இந்திய நேரத்தில் எழுதிவைத்த ஷெட்யூல் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னதாக ஓடி, பழைய டேட்டாவைக் காட்டும்.

எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்வது நியாயம்?

அலுவலக நேரத்துக்கு வெட்டினாலே பாதி போய்விடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஏழு நாளும் முழு நேரமும் என்றால் வாரம் 672. `*/15 8-20 * * 1-6` என்று திங்கள் முதல் சனி வரை வைத்தால் நாளுக்கு 52, வாரம் 312. அதிலும் 8-20 என்பது இரவு 8:45 வரை ஓடும் என்பதைக் கவனியுங்கள்.

மாதம் முழுக்க ஒரே வேகம் தேவைப்படாத டேஷ்போர்டுகள் நிறைய. ஜிஎஸ்டி வேலையைப் பாருங்கள்: மாதாந்திரமாகத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1க்குக் கெடு 11ஆம் தேதி, 3பிக்கு 20. அக்கவுண்ட்ஸ் டீம் அந்த நாள்களை ஒட்டித்தான் விழுந்து விழுந்து பார்க்கும். `*/30 9-19 9-11,18-20 * *` என்று அந்த ஆறு நாளுக்கு அரை மணிக்கொரு முறை, மற்ற நாள்களில் காலையில் ஒரே முறை. இதில் வாரநாளையும் சேர்க்கலாமே என்று கடைசிக் கட்டத்தில் 1-6 போடாதீர்கள். வழக்கமான லினக்ஸ் கிரானில் தேதி, கிழமை இரண்டும் கொடுத்தால் 'இரண்டில் எது பொருந்தினாலும் ஓடு' என்று பொருள். அந்த ஆறு தேதியில் வராத ஞாயிறு தவிர எல்லா நாளும் ஓடும்.

பண்டிகைக் காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தி.நகரில் கடை வைத்திருக்கும் நிறுவனம் ஆடித் தள்ளுபடிக்காக ரெஃப்ரெஷை 5 நிமிடமாக்கும். நியாயம்தான். அதைத் திரும்பக் குறைக்க யாருக்கும் ஞாபகம் வராது; மார்கழியிலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும். சீசனுக்காகக் கூட்டும்போது பழைய ஷெட்யூலைத் தொடாமல், முடிவுத் தேதியோடு தனி ஷெட்யூலாகச் சேர்ப்பதுதான் வழி.

நிர்வாகம் 'லைவ்' டேஷ்போர்டு கேட்கிறது. என்ன சொல்வது?

மூல டேட்டா எப்போது வருகிறது என்பதைக் காட்டுங்கள். கடைகளின் பில்லிங் டேட்டா இரவு 11 மணிக்கு ஒரே ஃபைலாக வந்து இறங்குகிறது என்றால், பகல் முழுக்க ஓடும் ரெஃப்ரெஷ் அதே எண்ணைத்தான் திரும்பத் திரும்பக் கணக்கிடும். டேஷ்போர்டின் மேல் மூலையில் 'டேட்டா கடைசியாக வந்த நேரம்' என்று ஒரு வரி போட்டாலே பாதிக் கேள்வி அடங்கும். உண்மையாகவே நிமிடக் கணக்கில் முடிவெடுப்பவர்கள் இருந்தால், டெலிவரி அனுப்புபவர்கள் மாதிரி, அந்த மூன்று நான்கு எண்களுக்கு மட்டும் தனி சின்ன டேபிள் வைத்து அடிக்கடி ஓட்டுங்கள். 40 விஷுவல் உள்ள முழுப் பக்கத்தையும் அல்ல.

பவர் பிஐ ப்ரோ உரிமத்தில் நாளுக்கு 8 ரெஃப்ரெஷ்தான் ஷெட்யூல் செய்ய முடியும், பிரீமியத்தில் 48. இந்த வரம்பைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். பில்லைப் பார்ப்பவர்களுக்கு அது வரம்.

டேட்டா மாறாதபோது ரெஃப்ரெஷே ஓடாமல் செய்ய முடியுமா?

முடியும். கடிகாரத்தை நம்பாமல் லோடு முடிந்ததும் ரெஃப்ரெஷைத் தூண்டுவதுதான் நேர்வழி. லோடு ஜாபின் கடைசிப் படியாக பவர் பிஐயின் ரெஃப்ரெஷ் ஏபிஐயைக் கூப்பிடலாம். டேப்லோவிலும் அதற்கு வழி இருக்கிறது.

ஸ்னோஃப்ளேக்கில் டேபிளின் மேல் ஒரு ஸ்ட்ரீம் (டேபிளில் வந்த மாற்றங்களைக் காட்டுவது) வைத்து, டாஸ்கில் 'ஸ்ட்ரீமில் டேட்டா இருந்தால் மட்டும்' என்று நிபந்தனை கொடுக்கலாம். நிபந்தனையைச் சோதிக்க வேர்ஹவுஸ் விழிக்காது, இருந்தால்தான் விழிக்கும். ஒன்றே ஒன்று: டாஸ்க் அந்த ஸ்ட்ரீமிலிருந்து படித்து ஏதாவது டேபிளில் எழுத வேண்டும். வெறும் செலக்ட் போட்டால் ஸ்ட்ரீம் காலியாகாது, ஒவ்வொரு முறையும் 'டேட்டா இருக்கிறது' என்றே சொல்லும்.

செய்யக் கூடாதது: ஏர்ஃப்ளோவில் எஸ்கியூஎல் சென்சார் வைத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'வந்துவிட்டதா, வந்துவிட்டதா' என்று வேர்ஹவுஸையே கேட்பது. ஆட்டோ சஸ்பெண்ட் 60, கேள்வியும் 60 விநாடிக்கு ஒன்று. வேர்ஹவுஸ் கண்ணை மூடவே மூடாது. ஃபைல் வந்ததா என்பதை ஸ்டோரேஜில் பாருங்கள், அல்லது ஸ்டோரேஜின் நோட்டிஃபிகேஷனைப் பயன்படுத்துங்கள்.

இரவு 2 மணிக்கு ஷெட்யூல் எதுவும் இல்லை. ஆனாலும் வேர்ஹவுஸ் ஓடுகிறது. எழுப்புவது யார்?

குவெரி ஹிஸ்டரியை மணிவாரியாக, யூசர்வாரியாகப் பிரியுங்கள். பிஐ கருவி ஒவ்வொன்றுக்கும் தனி சர்வீஸ் யூசர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. எல்லாம் ஒரே யூசரில் ஓடினால் முதலில் அதைப் பிரியுங்கள்.

வழக்கமாக மாட்டுபவை: அலுவலகச் சுவரில் தொங்கும் டிவி. பிரவுசரில் ஐந்து நிமிட ஆட்டோ ரெஃப்ரெஷோடு திறந்து வைத்தது, வெள்ளி மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் காலி ஹாலுக்கு எண் காட்டிக்கொண்டிருக்கும். டிவிக்கு மட்டும் ஒரு டைமர் ப்ளக் போட்டால் போதாமல் போகலாம். பிரவுசரை ஓட்டும் பெட்டியை அணைக்க வேண்டும்.

அடுத்தது பவர் பிஐ டைரக்ட் குவெரி (டேட்டாவை நகல் எடுக்காமல் ஒவ்வொரு முறையும் வேர்ஹவுஸையே கேட்கும் முறை). டேஷ்போர்டில் பின் செய்த டைல்களை யாரும் திறக்காவிட்டாலும் பவர் பிஐ தானாகவே புதுப்பிக்கும். மாற்றாவிட்டால் மணிக்கு ஒருமுறை. இதில் ரோ லெவல் செக்யூரிட்டியும் (ஆளுக்கு ஏற்ற வரிகளை மட்டும் காட்டும் அமைப்பு) இருந்தால் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி குவெரி. 10 டைல், 100 பேர் என்றால் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 1,000 குவெரி. செமாண்டிக் மாடலின் செட்டிங்கில் இந்த இடைவெளியை வாரம் ஒருமுறை வரை தள்ளலாம். டைல் யாருக்கும் தேவையில்லை, ரிப்போர்ட்தான் பார்க்கிறார்கள் என்றால் பின்னையே எடுத்துவிடுங்கள்.

பிறகு டேட்டா தரத்தைக் கண்காணிக்கும் கருவிகள். 'டேபிள் புதுசாக இருக்கிறதா' என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். செலவைக் கண்காணிக்க வைத்த கருவியே செலவாகிப்போவதும் உண்டு.

ஏர்ஃப்ளோவில் ஒன்று: பதிப்பு 2இல் கேட்ச்அப் தானாகவே இயங்கும் நிலையில் இருக்கும். தொடக்கத் தேதியை ஜனவரி என்று போட்டு ஜூலையில் ஜாப் வரிசையை (DAG) இயக்கினால், விட்டுப்போன எல்லா நாளையும் ஓட்டித் தீர்த்துவிட்டுத்தான் நிற்கும். பதிப்பு 3இல் இதை மாற்றிவிட்டார்கள். எந்தப் பதிப்பானாலும் கேட்ச்அப்பை நீங்களே எழுதிவிடுவது நல்லது.

இன்கிரிமென்டல் ரெஃப்ரெஷ் போட்டால் எண் இடிக்கிறது. ஃபுல் ரெஃப்ரெஷுக்கே திரும்பிவிடலாமா?

திரும்ப வேண்டாம். இடிப்பதற்கான காரணங்கள் சிலதான், எல்லாம் திருத்தக்கூடியவை.

முதலாவது, எந்த நெடுவரிசையை வைத்துப் 'புதியது' என்று முடிவு செய்கிறீர்கள்? பில் போட்ட நேரத்தை வைத்தால், பிறகு ரத்தான பில் கண்ணில் படாது. கடைசியாகத் திருத்திய நேரம் வேண்டும். இரண்டாவது, வாட்டர்மார்க்கை (எதுவரை ஏற்றினோம் என்ற குறி) ஜாப் ஓடிய கடிகாரத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஏற்றிய டேட்டாவில் இருக்கும் அதிகபட்ச நேரத்தையே எடுத்து, லோடு வெற்றியான பிறகு மட்டும் சேமியுங்கள். முன்பே சேமித்தால், லோடு நடுவில் விழுந்தபோது அந்தத் துண்டு நிரந்தரமாகக் காணாமல் போகும்.

மூன்றாவது, தாமதமாக வரும் டேட்டா. கடையில் நெட் போய், மறுநாள்தான் பில்லெல்லாம் ஏறும். அதனால் ஒவ்வொரு முறையும் வாட்டர்மார்க்குக்குப் பின்னால் 3 நாள் சேர்த்து எடுத்து, பில் எண்ணை வைத்து மெர்ஜ் (இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் சேர்) செய்யுங்கள். வெறும் இன்சர்ட் போட்டால் இரட்டிப்பாகும். மூன்று நாள் எப்போதும் போதாது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மின்சாரமும் நெட்டும் நாள்கணக்கில் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் கையால் மாற்றிக்கொள்ள, நாள் எண்ணிக்கையைக் கோடுக்குள் புதைக்காமல் பாராமீட்டராக வெளியே வையுங்கள்.

நான்காவது, அழிக்கப்பட்ட ரெக்கார்டு. மூலத்தில் டெலீட் ஆனதை எந்த வாட்டர்மார்க்கும் சொல்லாது. மூலத்தில் 'ரத்து' என்று ஒரு கொடி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஞாயிறு இரவில் ஒரே ஒரு ஃபுல் ரெஃப்ரெஷ்.

பவர் பிஐயின் இன்கிரிமென்டலில் தொடக்கம், முடிவு என்ற இரண்டு பாராமீட்டரும் தேதி-நேர வகையில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 'அதற்குச் சமம் அல்லது மேல்', மறுபக்கம் 'அதற்குக் கீழ்'. இரு பக்கமும் சமம் வைத்தால் எல்லையில் உள்ள வரிகள் இரண்டு முறை எண்ணப்படும். முக்கியமாக, குவெரி ஃபோல்டிங் நடக்கிறதா என்று பாருங்கள். நடக்காவிட்டால் ஃபில்டர் வேர்ஹவுஸுக்குப் போகாது. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் (தேதிவாரியாகப் பிரித்த துண்டு) முழு டேபிளையும் இழுத்து வந்து பவர் பிஐக்குள் வடிகட்டும். ஃபுல் ரெஃப்ரெஷைவிட அதிகச் செலவாகும்.

பெரிய சைஸ் வேர்ஹவுஸில் ஓட்டினால் சீக்கிரம் முடிந்து மிச்சமாகாதா?

சைஸ் ஒரு படி ஏறினால் விலை இரட்டிப்பு: எக்ஸ்ட்ரா ஸ்மால் 1, ஸ்மால் 2, மீடியம் 4, லார்ஜ் 8. நேரம் சரிபாதி ஆனால் செலவு சமம். 20 நிமிட குவெரியில் அப்படி நடக்கலாம். 40 விநாடி குவெரியில் நடக்காது. அந்த 60 விநாடி வாலும் இரட்டை விலையில் ஓடும். ஏற்ற வேண்டியதற்கு அடையாளம் ஒன்று இருக்கிறது: குவெரி ப்ரொஃபைலில் ரிமோட் ஸ்டோரேஜுக்கு ஸ்பில் ஆகியிருந்தால் மெமரி போதவில்லை. அப்போது ஒரு படி ஏற்றினால் நேரம் பாதிக்கும் கீழே இறங்கி, செலவே குறையலாம். ஸ்பில் இல்லையென்றால் ஒரு படி இறக்கிப் பாருங்கள்.

நாங்கள் பிக்குவெரி. இங்கே நேரத்துக்குக் கணக்கே இல்லையே?

ஆன் டிமாண்ட் கட்டண முறையில் படித்த பைட்டுக்குத்தான் பணம். எனவே இங்கே குறைக்க வேண்டியது ஸ்கேன். தேவையான நெடுவரிசைகளை மட்டும் எடுங்கள். கிளஸ்டர் செய்யாத (மதிப்பின்படி அடுக்கி வைக்காத) டேபிளில் லிமிட் 10 போட்டாலும் முழு ஸ்கேனுக்கும் பணம்தான். தேதிவாரி பார்ட்டிஷன் செய்து, 'பார்ட்டிஷன் ஃபில்டர் கட்டாயம்' என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம்: 'கடைசியாக வந்த தேதி' என்பதை உள் குவெரியாக எழுதி பார்ட்டிஷன் நெடுவரிசையோடு ஒப்பிடுவது. பார்ட்டிஷனை வெட்ட மாறிலி வேண்டும், உள் குவெரியின் விடை அதற்குப் பயன்படாது. முழு டேபிளும் படிக்கப்படும். தேதியை முதலில் ஒரு வேரியபிளில் எடுத்து, அடுத்த கட்டளையில் அதைக் கொடுங்கள்.

எடிஷன்ஸ் கட்டண முறையில் (ஸ்லாட் என்ற கணக்கிடும் திறன் அலகுக்குப் பணம்) இருந்தால் மறுபடி நேரக் கணக்குதான். ஆட்டோஸ்கேல் 50 ஸ்லாட் படியாக ஏறும், ஏறினால் குறைந்தது ஒரு நிமிடம் நிற்கும். ரெஃப்ரெஷ்களை ஒன்றுசேர்க்கும் யோசனை அங்கேயும் பொருந்தும்.

ரிசல்ட் கேஷ் இருக்கும்போது ஏன் திரும்பத் திரும்ப ஓடுகிறது?

ஸ்னோஃப்ளேக்கில் ஒரு விடை 24 மணி நேரம் கேஷில் நிற்கும். அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேர்ஹவுஸே தேவையில்லை. ஆனால் குவெரியின் எழுத்து அப்படியே பொருந்த வேண்டும், அடியில் உள்ள டேபிள் மாறியிருக்கக் கூடாது. குவெரிக்குள் 'இப்போதைய நேரம்' ஃபங்ஷன் இருந்தால் கேஷ் கிடையாது. 'இன்றைய தேதி' என்றால் பரவாயில்லை. சில பிஐ கருவிகள் குவெரியில் யூசர் எண்ணைக் கமெண்ட் வரியாகச் சேர்க்கும்; பிக்குவெரியில் அதுவே கேஷை முறிக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டேட்டா ஏறும் டேபிளில் கடந்த ஆண்டு அறிக்கையையும் ஓட்டினால், அந்த அறிக்கைக்கும் கேஷ் கிடைக்காது. பழைய மாதங்களைத் தனி டேபிளாகத் தொகுத்து வைத்தால் கேஷும் நிற்கும், படிக்கும் அளவும் சுருங்கும்.

எங்களுக்கு இந்த வேர்ஹவுஸ் எல்லாம் இல்லை. மும்பை ரீஜனில் ஒரு விஎம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மெட்டாபேஸ் டேஷ்போர்டு கருவி. என்ன செய்யலாம்?

அணைத்து ஏற்றுங்கள். திங்கள் முதல் சனி வரை காலை 7:45க்கு ஏற்றி இரவு 8:30க்கு அணைத்தால் வாரம் 76.5 மணி. 168இல் அது 46%தான். ஒரு ஆண்டுக்கு ரிசர்வ் செய்துவிட்டிருந்தால் மட்டும் அணைப்பதால் லாபமில்லை.

அஷ்யூரில் விஎம்முக்கு உள்ளே போய் ஷட்டவுன் கொடுத்தால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலில் 'டீஅலோகேட்' ஆக வேண்டும். ஏடபிள்யூஎஸ்ஸில் அணைத்த பிறகும் டிஸ்குக்கும், எலாஸ்டிக் ஐபிக்கும் (மாறாத பொது முகவரி) பணம் தொடரும். ஆர்டிஎஸ் டேட்டாபேஸை நிறுத்தினால் 7 நாளில் தானே எழுந்துகொள்ளும். எலாஸ்டிக் ஐபி இல்லாத விஎம்முக்கு ஏற்றும்போது பொது ஐபி மாறிவிடும், கனெக்ஷன்கள் உடையும். அணைந்திருந்தபோது தவறிய கிரான் ஜாப் தானாக ஓடாது. சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் அமைப்பைப் போட்டால் எழுந்ததும் ஓடும்.

போஸ்ட்கிரெஸில் டேஷ்போர்டுக்கு மெட்டீரியலைஸ்டு வியூ (கணக்கிட்ட விடையைச் சேமித்து வைக்கும் வியூ) வையுங்கள். கன்கரன்ட்லி என்று ரெஃப்ரெஷ் செய்தால் பார்ப்பவர்கள் காத்திருக்க வேண்டாம், அதற்கு யுனிக் இண்டெக்ஸ் ஒன்று கட்டாயம். ஆனாலும் உள்ளே முழுக் கணக்கையும் மறுபடி போடும் என்பதால், அதையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டாதீர்கள்.

சென்னையிலேயே இருக்கும் ரீஜனுக்கு மாற்றினால் நேரம் குறையுமா?

அஷ்யூரின் தென்னிந்திய ரீஜன் சென்னையில்தான் இருக்கிறது. ஆனால் குவெரி ஓடும் நேரம் அதனால் மாறாது. டேட்டா ஒரு ரீஜனிலும் கணக்கிடுவது இன்னொன்றிலும் என்று ஆகிவிட்டால் டிரான்ஸ்ஃபர் கட்டணம் வேறு சேரும். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதுதான் முக்கியம்.

ஒரு குவெரி மாட்டிக்கொண்டு இரவு முழுக்க ஓடிவிட்டது. எப்படித் தடுப்பது?

ஸ்னோஃப்ளேக்கில் ஸ்டேட்மெண்ட் டைம்அவுட், மாற்றாவிட்டால், 1,72,800 விநாடி. இரண்டு முழு நாள். ரெஃப்ரெஷ் வேர்ஹவுஸில் வழக்கமான நேரத்தைப் போல மூன்று மடங்கு வையுங்கள். ரீட்ரை ஒன்று போதும். தப்பான குவெரி மூன்றாம் முறை சரியாகிவிடாது.

ரெஃப்ரெஷ் 7 நிமிடம் எடுத்து, ஷெட்யூல் 5 நிமிடமாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஏர்ஃப்ளோவில் ஒரே நேரத்தில் ஒரே ரன் என்று கட்டுப்படுத்துங்கள், லினக்ஸ் கிரானில் எஃப்லாக் (ஒன்று முடியும்வரை அடுத்ததைத் தடுக்கும் கட்டளை) போடுங்கள். ஸ்னோஃப்ளேக் டாஸ்க் தானாகவே அடுத்ததைத் தவிர்த்துவிடும்.

ரிசோர்ஸ் மானிட்டரை (கிரெடிட் வரம்பைக் கண்காணிக்கும் அமைப்பு) வேர்ஹவுஸ்வாரியாக வையுங்கள்: 75% ஆனால் எச்சரிக்கை, 100% ஆனால் சஸ்பெண்ட். வெறும் சஸ்பெண்ட் என்பது ஓடுவதை முடிக்க விடும். மாட்டிக்கொண்ட குவெரியை அது வெட்டாது. அதற்கு 110%இல் 'உடனே சஸ்பெண்ட்' என்று இன்னொரு படி வேண்டும். பிக்குவெரியில் ஒரு குவெரிக்கு அதிகபட்ச பைட் என்ற வரம்பு அதே வேலையைச் செய்யும்.

மிச்சமானதை எப்படி நிரூபிப்பது?

மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், மாற்றிய பின் இரண்டு வாரம், கிழமைக்குக் கிழமை ஒப்பிடுங்கள். தீபாவளி, பொங்கல் வாரம் இடையில் வந்தால் அதை விட்டுவிடுங்கள். வேர்ஹவுஸ் மீட்டரிங் ஹிஸ்டரியில் கிரெடிட் தெரியும். அந்த வியூ மூன்று மணி நேரம் வரை பின்தங்கும் என்பதால், காலையில் மாற்றிவிட்டு மதியமே பார்த்து ஏமாற வேண்டாம். மொத்த கிரெடிட்டோடு, ஒரு ரெஃப்ரெஷுக்கு எத்தனை விநாடி பில் ஆனது, அதில் குவெரி ஓடியது எத்தனை விநாடி என்ற விகிதத்தையும் எழுதி வையுங்கள். முதல் கேள்வியில் பார்த்த 640க்கு 40 என்பது 6%. ஆட்டோ சஸ்பெண்டை மாற்றியதும் அது 40% ஆகிறது. ஆறு டேஷ்போர்டையும் வரிசையாகச் சேர்த்தால் 80%. அதற்கு மேல் குறைக்க வேண்டுமென்றால்தான் எஸ்கியூஎல்லைத் திறக்க வேண்டும்.